"மகன் பார்த்துக்கொள்வான்" என்ற ஒற்றைத் திட்டம்: முதியோர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான கணிப்பு 13.6. 2031-க்கு 18.2. அகில இந்திய அளவில் 2031-இல்கூட இது 13.1 சதவீதம்தான். நாடு அடுத்த சில ஆண்டுகளில் பார்க்கப்போவதை நாம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் பெரிய மாநிலம் கேரளம் மட்டுமே.

இந்தக் கணக்கைக் கேட்டதும் பலருக்கும் தோன்றுவது, "அப்போ பிள்ளைகளை அதிகமாகப் பெற்றுக்கொண்டால் சரியாகிவிடுமே" என்பது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஆனால் இன்று பிறக்கும் குழந்தை படித்து முடித்து வேலைக்குப் போக இருபது வருடத்துக்கு மேல் ஆகும். அந்த இருபது வருடத்தில் அறுபதைத் தொடப்போகிறவர்களுக்கு இப்போதே நாற்பது வயதுக்கு மேல். அவர்கள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்ற நிலை 2000 வாக்கிலேயே வந்துவிட்டது. 2020-இல் அது 1.4. ஜப்பானும் தென்கொரியாவும் சிங்கப்பூரும் இதைத் திரும்ப ஏற்றுவதற்குக் கொட்டாத பணமில்லை, ஏறவில்லை. பிள்ளை பெறுவது அவரவர் விருப்பம், அது தனிப் பேச்சு. அதை முதியோர் நலத் திட்டமாக எண்ணிக்கொண்டால், செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

அடுத்து, அறுபதுக்கு மேற்பட்ட எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது. 62 வயதுக்காரருக்குத் தேவை வேலை, வருமானம். 84 வயதுக்காரருக்குத் தேவை குளிப்பாட்டிவிட ஒரு கை. முன்னவர் கட்டட வேலையிலோ நூறு நாள் வேலையிலோ இன்னும் உழைத்துக்கொண்டிருப்பார். அவரைப் பிடித்து உட்காரவைத்து சால்வை போர்த்துவதில் பயனில்லை. பெண்களின் கணக்கும் தனி. எழுபதைத் தாண்டிய பெண்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். சொத்து அவர்கள் பேரில் இருப்பது அபூர்வம், பென்ஷன் அதைவிட அபூர்வம். முதியோர் பிரச்சினை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் வயதான பெண்களின் பிரச்சினை.

இனி தலைப்பில் இருக்கும் விஷயத்துக்கு வருவோம். "நம் ஊரில் குடும்பம் இருக்கிறது, அதெல்லாம் பார்த்துக்கொள்ளும்" என்று மேடையில் பேசுவது எளிது. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்றால் வீட்டுக்குள் யார் பார்க்கிறார்? பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் கல்யாணம் ஆகாத மகள். மகன் பணம் அனுப்புவான், போனில் விசாரிப்பான். படுக்கைத் துணி மாற்றுவது, இரவில் மூன்று முறை எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, ஒரே கேள்விக்குப் பத்தாவது தடவை பதில் சொல்வது எல்லாம் அந்தப் பெண்ணின் வேலை. அதற்காக வேலையை விட்டவர்கள் நிறைய. விட்ட வேலைக்கு ஈடும் கிடையாது, ஒரு நாள் லீவும் கிடையாது. இதைப் பாசம் என்ற ஒரு சொல்லில் மூடிவைத்தால் ஒரு கட்டத்தில் அந்தப் பெண் உடைந்துபோவார், அல்லது அந்தக் கோபம் படுக்கையில் இருப்பவர் மேல் பாயும்.

இதற்கு உடனே முதியோர் இல்லம் என்று ஓடுவதும் சரியல்ல. வீட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன, அவைதான் நம்மிடம் குறைவு. பகல் நேர மையம் அதில் முக்கியமானது: காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டி வரலாம், நடுவில் சாப்பாடு, பேச்சுத் துணை, உடற்பயிற்சி. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாயில் 25 'அன்புச்சோலை' மையங்களை அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் தேவை மாநகராட்சிக்குச் சில மையங்கள் என்ற அளவில் இல்லை. வார்டுக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. அங்கன்வாடியை அப்படித்தானே பரப்பினோம்?

மருத்துவ வசதி இருந்தால் போதும் என்று நினைப்பதும் நன்கு படித்தவர்களே செய்யும் தவறு. 2024 அக்டோபர் இறுதியிலிருந்து ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 70 வயது நிறைந்தவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. உபயோகமான திட்டம், சந்தேகமில்லை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். முதுமையின் செலவோ அன்றாடம் ஆகிற செலவு: பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, டயப்பர், பிசியோதெரபி, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான சம்பளம். இதில் எதையும் அந்த 5 லட்சம் தொடாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்த திட்டம் என்பேன். மாத்திரையும் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

வீட்டோடு வந்து பார்த்துக்கொள்ளும் ஆட்கள் விஷயம்தான் இன்னும் சிக்கல். ஏஜென்சி மூலம் வருகிறவருக்குப் பயிற்சி இருக்கிறதா, புகார் என்றால் யாரிடம் போவது, அந்தப் பெண்ணுக்கு ஓய்வு நேரம் எது, எதற்கும் தெளிவான பதில் இல்லை. ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே ஒரு காப்பீட்டைக் கொண்டுவந்தது. நாற்பது வயது நிறைந்த எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். முதுமையில் யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டு, வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல் மையம் எனச் சேவையாகவே கொடுக்கிறார்கள். அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. நம் ஆட்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. ஆனால் பராமரிப்பு என்பது மருத்துவத்திலிருந்து தனி, அதற்குத் தனிப் பணமும் தனி ஆட்களும் வேண்டும் என்ற புரிதலை எடுத்துக்கொள்ளலாம்.

"வயசானா அப்படித்தான்" என்ற வாக்கியம் இருக்கிறதே, அது செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், ஆளைத் தெரியவில்லை என்றால் அது முதுமை அல்ல. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் உப்பு (சோடியம்) குறைவது, சர்க்கரை இறங்குவது என்று காரணம் இருக்கும். சில பிரஷர் மாத்திரைகளே உப்பைக் குறைத்துவிடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மெல்ல மெல்ல மறதி கூடுவது வேறு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது 7.4 சதவீதம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. எழுந்ததும் தலை சுற்றி விழுவது, காது கேளாததால் பேச்சைக் குறைத்துக்கொள்வது, நான்கு டாக்டர்கள் எழுதிய மாத்திரைகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் விழுங்குவது, எல்லாவற்றுக்கும் வழி உண்டு. முதியோர் மருத்துவம் என்ற துறை இந்தியாவில் வேர்விட்டதே சென்னையில்தான்: டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் மருத்துவமனையும் வந்துவிட்டது. அப்படியிருந்தும் பல மாவட்டங்களில் பெரியவர்கள் பொது ஓ.பி. வரிசையில்தான் நிற்கிறார்கள்.

சொத்து. இந்தத் தவறுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் நடப்பது இதுதான். அப்பா இருக்கும்போதே, "பின்னால் தகராறு வேண்டாம்" என்று வீட்டைப் பிள்ளை பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுவார். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைக் கட்டணம் குறைவு, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் வேலை. பத்திரத்தில் 'அன்பின் நிமித்தம்' என்று இருக்கும். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருக்காது, அப்படி எழுதச் சொல்வது பிள்ளையைச் சந்தேகப்படுவது போலாகிவிடும் என்ற கூச்சம். ஒருமுறை பதிவானால் எழுதிக்கொடுத்தவர் தனியாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு ஒரு வழியைத் திறக்கிறது: அடிப்படை வசதிகளும் தேவைகளும் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் தராவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். சிக்கல் அந்த 'நிபந்தனையோடு' என்ற இடத்தில்தான். நிபந்தனை இருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், பெரியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்பு எப்படிப் போகும் என்று காத்திருப்பதைவிட, பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவது மேல். இல்லாவிட்டால் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையைத் தனக்கும் மனைவிக்கும் வைத்துக்கொண்டு எழுதலாம். உயில் என்றால் இன்னும் எளிது, உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

பத்திரம் கைமாறிய பிறகுதான் விழித்துக்கொண்டார் என்றாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. அதே சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தர உத்தரவிட முடியும். எங்கே போவதென்றே தெரியாதவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ரேஷன் கடைச் சுவரில் எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

ரேஷன் கடை என்றதும் கைரேகை ஞாபகம் வருகிறது. உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது, மிஷின் 'இல்லை' என்று சொல்லும், பாட்டி மறுநாள் வர வேண்டும். கருவிழி பதிவு வந்தது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே பொருள் தரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. ஆனால் வங்கி, பென்ஷன் சான்று, ஆஸ்பத்திரி டோக்கன் என்று மற்ற இடங்களில் ஓ.டி.பி. கேட்பது கூடிக்கொண்டே போகிறது. போன் பேரனிடம் இருந்தால் பாட்டியின் பணமும் பேரனிடம் இருக்கிறது என்றுதான் பொருள். ஆன்லைன் வரட்டும், கூடவே மனிதர் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜன்னலும் இருக்கட்டும்.

முதியோர் உதவித்தொகை இங்கே மாதம் 1,200 ரூபாய். நாளுக்கு நாற்பது. அதில் 60 முதல் 79 வயது வரையானவருக்கு மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகளாக அதே 200 ரூபாய்தான். விலைவாசியோடு கூடாத எந்தத் தொகையும் வருடாவருடம் குறைந்துகொண்டேதான் வரும், யாரும் கையெழுத்திட்டுக் குறைக்க வேண்டியதில்லை.

கடைசியாகத் தெரு. சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் தருகிறார்கள், ஆனால் பழைய பஸ்ஸின் படி முழங்கால் உயரம். 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் தளம் சுமார் 40 செ.மீ. உயரம்தான், நிறுத்தத்தில் பக்கவாட்டில் சாய்ந்தும் கொடுக்கும். ஓட்டுநர் வண்டியை நடைமேடையை ஒட்டி நிறுத்தினால் மூட்டுவலிக்காரர் ஒரே எட்டில் ஏறிவிடலாம். ஆனால் பல நிறுத்தங்களில் அந்த இடத்தில் ஆட்டோவோ தள்ளுவண்டியோ நிற்கும், பஸ் நடுரோட்டில் நிற்கும், முதலில் நடைமேடையிலிருந்து இறங்கி அப்புறம்தான் பஸ்ஸில் ஏற வேண்டும்.