கைக்கு இலகுவான ஹைட்ராலிக் கிளட்ச்: சிலிண்டர் விட்டம்தான் கணக்கு

இடது காலால் மிதிக்க முடியாதவருக்குக் கை லிவர் பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது மாஸ்டர் சிலிண்டரின் (அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) உள்விட்டம். 15.87 மி.மீ.க்குப் பதில் 12.7 மி.மீ. போட்டால் அழுத்தும் விசை சுமார் 36 சதவீதம் குறையும். ஆனால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கு அதே அளவு ஆயில் போயாக வேண்டும். முன்பு 20 மி.மீ. நகர்ந்த புஷ் ராட் (மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) இனி 31 மி.மீ. நகர வேண்டும். அந்த ஸ்ட்ரோக் (நகரும் தூரம்) இல்லாத சிலிண்டரை வாங்கினால் கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கியர் கறகறக்கும்.

பழைய பெடலும் இருக்கட்டும் என்று இரண்டு பைப்பையும் வெறும் டி-ஜாயிண்டால் இணைக்காதீர்கள். கையால் அழுத்தும் ஆயில், பெடல் சிலிண்டர் வழியாக அதன் டேங்குக்கே ஏறிவிடும். நடுவில் ஷட்டில் வால்வு (ஒரு பக்கம் அழுத்தம் வந்தால் மறுபக்கத்தை அடைப்பது) வேண்டும்.

புஷ் ராடில் சுமார் 1 மி.மீ. ஃப்ரீ ப்ளே (பிஸ்டனைத் தொடும் முன் உள்ள இடைவெளி) விடுங்கள். விரலால் ஆட்டினால் லேசாக 'டக்' என்று தட்டுப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் ஆயில் டேங்குக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டே கிடக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இருக்காது, கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் ஸ்லிப் ஆகும்.

டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் கேட்கும் சிலிண்டரில் மினரல் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிப்போகும். பைப்பில் சிக்கிய ஏரை எடுத்தபின், இன்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்து, முதல் கியரில் லிவரை 30 விநாடி பிடித்துப் பாருங்கள். வண்டி முன்னே இழுத்தால் எங்கோ கசிகிறது அல்லது இன்னும் ஏர் இருக்கிறது. இந்தியாவில் வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிவிடுங்கள்.