முதலில் குடையை எடுங்கள்

காட்டுப் பாதையைச் செப்பனிட நானும் வருகிறேன் என்று யாராவது சொன்னால், மண்வெட்டி இருக்கிறதா என்று நான் விசாரிப்பதில்லை. குடை இருக்கிறதா என்றுதான் கேட்பேன். பலர் சிரிப்பார்கள். நல்ல மழையில் என்னோடு ஒரு கிலோமீட்டர் நடந்து வந்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விடும்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மொரீஷியஸ் தீவில், கத்ர் போர்ன் ஊரில் வீடு. ஒன்பது ஆண்டுகளாக, பெத்ரேனிலிருந்து மக்கபே காட்டுப் பக்கம் பிரியும் ஒரு கிளைப்பாதையை நாங்கள் பதினான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம். அக்கம்பக்கத்தார், என் பழைய மாணவர்கள் இருவர், என் மருமகள், கரும்புத் தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்த ஒரு மாமா. இத்தீவின் மேற்குக் கடற்கரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், நடுமேட்டில் 4,000 வரை பெய்கிறது. அத்தனை தண்ணீரும் எந்த வழியாகவாவது கடலுக்குப் போயாக வேண்டும். நாம் நடக்கிற பாதை அதற்கு வாகாக அமைந்துவிட்டால் பாதை ஓடையாகிவிடும். பாதைப் பராமரிப்பு என்றால் எல்லோரும் புதர் வெட்டுவது என்று நினைக்கிறார்கள். வேலையில் முக்கால்வாசி, தண்ணீரைப் பாதையிலிருந்து இறக்கிவிடுவதுதான்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. ப்ளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா 1994இல் அறிவிக்கப்பட்டது, 6,574 ஹெக்டேர். அதற்குள் ஒரு கிளையை ஒடிப்பதற்கும் தேசியப் பூங்காத் துறையின் அனுமதி வேண்டும். வெளியே உள்ள அரசுக் காடுகளுக்கு வனத்துறை. எந்தப் பகுதி, எந்தத் தேதி, எத்தனை பேர், என்னென்ன கருவி என்று எழுதிக் கொடுங்கள். நல்ல எண்ணம் அனுமதிச் சீட்டு ஆகாது.

இனிக் குடை. தொடர்ந்து பெய்கிற மழைநாளாகப் பார்த்து, இருவராகப் போங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள். நான் கிழிந்த புடவைகளை நாடா நாடாவாகக் கிழித்து எடுத்துப் போவேன். மேட்டுப் பக்கத்திலிருந்து தண்ணீர் பாதைக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு நாடா. பள்ளப் பக்கம் தாழ்ந்து, தண்ணீரை வெளியேற்றலாம் என்று தோன்றும் இடத்தில் மஞ்சள் நாடா. அவ்வளவுதான். வெயில் நாளில் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மழையில் ஒரு காய்ந்த இலை மிதந்து வரும், அதன் பின்னாலேயே போனால் பாதையின் நோய் முழுவதும் தெரிந்துவிடும். ஒருமுறை நாற்பது அடி தூரம் ஒரே இலையின் பின்னால் நடந்தேன். அது ஓரிடத்திலும் வெளியே போகவில்லை. வெளியோரம் முழுக்க வயல் வரப்புப்போல ஒரு மேடு எழும்பியிருந்தது.

அந்த வரப்புதான் முதல் எதிரி. நடப்பவர்களின் கால் பட்டுப் பட்டு நடுப்பகுதி அமுங்குகிறது. ஒதுங்குகிற மண் ஓரத்தில் சேர்ந்து கரையாகிறது. பிறகு தண்ணீருக்குப் பாதையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. இங்குள்ள எரிமலைச் செம்மண் நனைந்தால் சோப்புக்கட்டி. வழுக்குகிறதே என்று நடப்பவர் ஓரமாகக் கால் வைப்பார், அடுத்தவர் அதற்கும் ஓரமாக. ஒரு மீட்டர் பாதை ஒரே மழைக்காலத்தில் மூன்று மீட்டர் ஆகிவிடும். குட்டையைச் சுற்றிப் போகாதீர்கள் என்று பலகை வைத்துப் பயனில்லை. குட்டை இல்லாமல் செய்யுங்கள், எல்லோரும் நடுவிலேயே நடப்பார்கள்.

மழை விட்டு மண் ஈரம் குறைந்த நாளில் கருவிகளோடு போங்கள். மே முதல் செப்டம்பர் வரை தோண்டுவதற்கு ஏற்ற காலம். முதலில் வரப்பை வெட்டி எடுங்கள். அந்த மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிடாமல் பாதை நடுவில் அமுங்கிய இடத்தில் போட்டு மிதியுங்கள். பாதை வெளிப்பக்கமாகச் சற்றே சாய வேண்டும்: ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் இறக்கம் போதும். அளக்க ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். பாதையின் உள்ளோரத்தில் வைத்து விட்டால் அது குறுக்கே உருண்டு வெளியே விழ வேண்டும். பாதையோடு நெட்டுக்கு ஓடினால் தண்ணீரும் அப்படித்தான் ஓடும். முதல் நாள் நான் பழத்தை எடுத்ததும், திருஷ்டி கழிக்கப் போகிறேன் என்று புதிதாக வந்த ஒரு பையன் செருப்பைக் கழற்றிவிட்டான்.

மஞ்சள் நாடா கட்டிய இடங்களில் வடிகால் வெட்ட வேண்டும். பாதையின் வெளியோரத்தில் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஓர் அரை வட்டம் கீறிக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதி மீட்டருக்குப் பதினைந்து சென்டிமீட்டர் வெளியே இறங்க வேண்டும். இரு முனைகளிலும் சாய்வு குறைந்து பாதையோடு கலந்துவிட வேண்டும். நடப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. முன்பு நான் இதைக் குறுகலாக, வாய்க்கால்போல வெட்டினேன். மாமா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “லெஸ் தீலோ அலே, தங்கச்சி!” தண்ணீரைப் போகவிடு என்று பொருள். எங்களுக்குள் பேச்சு, தீவின் பேச்சுமொழியான கிரியோலும் தமிழும் கலந்துதான் வரும். குறுகலான வாய்க்காலை நான்கு இலையும் ஒரு குச்சியும் சேர்ந்து அடைத்துவிடும். அகலமான தாழ்வில் இலைகளும் தண்ணீரோடு போய்விடும். இதை அவர் கரும்பு வயலில் கற்றார். நான் ஒரு மழைக்காலம் முழுக்க அடைப்பு எடுத்துக் கற்றேன். வெளியே இறங்கிய தண்ணீருக்கு மேலும் போக இடம் வேண்டும். வாசலைத் திறந்துவிட்டு எதிரே கல்லைக் குவித்துவைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாதை செங்குத்தாக இறங்கும் இடத்தில் இது மட்டும் செல்லாது. வேகமாக வரும் தண்ணீர் அரை வட்டத்தைத் தாண்டிக்கொண்டு ஓடிவிடும். அங்கே பாதையிலேயே ஒரு தாழ்வு வெட்டி, வெட்டிய மண்ணை அதற்குக் கீழே நீண்ட, தட்டையான மேடாக அடித்துக் கெட்டிப்படுத்துங்கள். இறங்கி வரும் தண்ணீர் மேட்டில் ஏற முடியாமல் தாழ்வில் திரும்பி வெளியே போகும். குறுக்கே மரக்கட்டையைப் பதிக்கும் பழைய முறையும் உண்டு. எனக்கு அதில் பிடித்தம் இல்லை: பின்னால் மண் சேர்ந்து விரைவில் மூடிவிடுகிறது, ஈரக் கட்டை காலை வாரிவிடுகிறது. போட்டே ஆக வேண்டுமென்றால் குறைந்தது 45 பாகை சாய்வாகப் போடுங்கள்.

படிகளைப் பற்றி என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கோயில் படிக்கட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் படி கட்டுவதில் ஓர் ஆசை. கோர் த கார்த் மலைக் கோயிலில் காவடி ஏறும் படிகளைப்போல நாமும் பத்துப் படி போடலாம் என்று கிளப்பிவிட்டவளே நான்தான். மூன்று சனிக்கிழமை கல் சுமந்து போட்டோம். மேலே இருந்து வரும் தண்ணீரைத் திருப்பாமலே போட்டோம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போனதும் போய்ப் பார்த்தால், படிகள் விழுந்த பல்வரிசைபோல் நின்றன. தண்ணீர் அவற்றின் பக்கவாட்டில் முழங்கால் ஆழத்துக்குப் புதிய வழி வெட்டிக்கொண்டிருந்தது. இப்போது என் விதி இது: முதலில் மேலே வடிகால், பிறகே படி. ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள். கல்லின் மேல் ஏறி நின்று இரு காலையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். இம்மியளவு ஆடினாலும் பிடுங்கி மறுபடி வையுங்கள்.

புதர் வெட்டுவதற்கு அளவுகோல் குடைதான். விரித்த குடையோடு ஒருவர் எங்கும் உரசாமல் போக வேண்டும். அதற்குமேல் வெட்டினால் வெளிச்சம் உள்ளே இறங்கும். வெளிச்சத்துக்குக் காத்திருப்பது சீனக் கொய்யா. சீனா என்பது பெயரில்தான். அதன் பிறப்பிடம் பிரேசில். பழ நாட்களில் ஊரே கூடை தூக்கிக்கொண்டு காட்டுக்கு வரும், நானும் மிளகாயும் உப்பும் மடித்துக்கொண்டு போகிறவள்தான். ஆனால் நம் நாட்டுக் காட்டை நெரிப்பதில் அதற்கு இணை இல்லை. தரையோடு தரையாக வெட்டுங்கள். சாய்வாக அரையடி விட்டு வெட்டினால் அது ஈட்டி. வழுக்கி விழுகிறவரின் கையைத் துளைக்கும். வெட்டிய அடி மறுபடி துளிர்க்கும், வேரிலிருந்தும் கிளம்பும். மருந்து பூசுவது துறைக்காரர்களின் வேலை, நம்முடையதல்ல. சரிவில் வேரோடு பிடுங்காதீர்கள், மண் கூடவே வரும். வெட்டிய கிளைகளைக் குவிக்காமல், வெட்டுமுனை பாதையைப் பாராதபடி கீழ்ச்சரிவில் பரப்பிவிடுங்கள்.

இங்கே நான் மிகவும் கண்டிப்பானவள்: தெரியாத கன்றை வெட்டக் கூடாது. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் நம் இயற்கைக் காடு தீவின் பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அதோடு இத்தீவின் மரங்களுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி உண்டு. புவா தொலீவ் கன்றாக இருக்கும்போது அதன் இலை விரல்போல ஒல்லியாக நீண்டு, நடுநரம்பு சிவந்து இருக்கும். வளர்ந்த மரத்திலோ அகலமான பச்சை இலை. இரண்டும் ஒரே மரம் என்று சொன்னால் நம்ப முடியாது. என் மருமகள் அப்படி ஒரு கன்றைக் களை என்று நினைத்துக் கத்தியை ஓங்கியபோது நான் போட்ட சத்தத்தில் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சந்தேகமா, ஒரு நாடாவைக் கட்டுங்கள். தெரிந்தவர் வந்து சொல்லட்டும்.

கருவி ஓங்கும் இருவருக்கு இடையே மூன்று மீட்டர் இடைவெளி. கத்தியையும் மண்வெட்டியையும் தோளில் சாய்க்காமல் பள்ளப் பக்கக் கையில் தொங்கவிட்டு நடங்கள், வழுக்கினால் வீசிவிடலாம். கிளையை வெட்டுமுன் இலைகளின் அடிப்புறத்தைக் குனிந்து பாருங்கள், மஞ்சள் குளவி அங்கேதான் கூடு தொங்கவிடும். புயலுக்குப் பின் மேலே சிக்கித் தொங்கும் கிளைக்கு அடியில் யாரும் போக வேண்டாம். படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்பிவிட்டு நகருங்கள். ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் செருப்பின் அடிப்பக்கத்தைத் தூரிகையால் தேயுங்கள். களை விதை நம் காலில் ஏறித்தான் காட்டுக்குள் போகிறது. சாப்பாட்டுக்குத் தால் பூரி போதும். ஏழு கறி, வாழையிலையெல்லாம் கோயிலில் வைத்துக்கொள்ளலாம்.

வெட்டிய வடிகாலை மறந்துவிட்டால் ஒரு பருவத்தில் இலையும் மண்ணும் மூடிவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து ஒவ்வொருவர் பொறுப்பில் விட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் இலையை வாரி, எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்து, நோட்டில் தேதி எழுதினால் பத்து நிமிட வேலை. ஒன்றாம் எண் மாமாவுடையது. அதில் ஒரு இலைகூட நிற்பதில்லை. நான்காம் எண் என்னுடையது. ஆறாம் எண்ணுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.