கூத்துக் களத்துக்கு எந்த கேமரா?

காட்பாடியில் ஆல்பம் அச்சடிக்கும் லேப் ஒன்றில் எனக்குப் பகல் வேலை. கோடை வந்துவிட்டால் இரவிலும் வேலை உண்டு, சம்பளம்தான் கிடையாது. அணைக்கட்டு, கணியம்பாடி, கே.வி.குப்பம் என்று எந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் விடிய விடியத் தெருக்கூத்தைப் படம் எடுப்பேன். அதனால் தெருவில் பையன்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, கையில ஐம்பதாயிரம் கீது. எந்த கேமரா வாங்கலாம்?"

எந்த வெளிச்சத்தில் நிற்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். காலை 7 மணிக்கு வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் நின்று எடுக்கக் கைபேசியே போதும். கோட்டைச் சுவர் அசையாது, வெயிலும் தாராளம். நடுராத்திரியில் நாலு எல்.இ.டி. விளக்குக்குக் கீழே திரையை விலக்கிக்கொண்டு குதிக்கும் துரியோதனனை எடுக்கத்தான் காசு வேண்டும். அந்தக் காசிலும் பெரும்பகுதி கேமராவுக்குப் போகக் கூடாது, லென்ஸுக்குப் போக வேண்டும்.

கேமராவோடு சேர்த்துத் தரும் 18–55 மி.மீ. லென்ஸில் 55-க்கு ஜூம் செய்தால் திறப்பு (வெளிச்சம் நுழையும் வாய்; எஃப் எண் குறைந்தால் வாய் பெரிது) எஃப் 5.6-ல் நின்றுவிடும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முதல் லென்ஸில், கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.-வை 25,600 வரை ஏற்றி, படமெல்லாம் ரவை தூவியதுபோல் ஆகிற அதே இடத்தில் இரண்டாவது லென்ஸ் 2,500-லேயே வேலையை முடிக்கும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் விலை குறைந்த லென்ஸ் வரிசையில்தான் இந்த 50 மி.மீ. இருக்கும்.

கேமராவைப் பழையதாகவே வாங்குங்கள், 24 மெகாபிக்சல் தாராளம். 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்தை 300 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அடிக்க 3,600-க்கு 5,400 புள்ளிகள், அதாவது 2 கோடிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வேண்டும். 24 மெகாபிக்சல் என்றால் 2 கோடியே 40 லட்சம். அதற்கு மேல் விற்கிறவர் சொல்வதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத கணக்கு.

பழையது வாங்கும்போது கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டபடியே 30 நொடிக்கு ஒரு படம் எடுத்தால் பழுதாகி எரிந்துகொண்டே இருக்கும் ‘ஹாட்’ பிக்சல்கள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி காட்டும். எஃப் 16 வைத்து வானத்தை எடுத்தால் சென்சாரில், அதாவது படம் பதியும் சில்லில், ஒட்டிய தூசு கறுப்பாகத் தெரியும். மூன்றாவது, நான் செய்யாமல் விட்டு ஏமாந்தது. ஒரு கடையில் பளபளவென்று துடைத்துக் கொடுத்த லென்ஸை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பின்பக்கமாகக் கைபேசி டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. கடைக்காரர் "நீங்க வச்சிருந்த இடம் அப்படி" என்று முடித்துக்கொண்டார். டார்ச் அடிக்க அரை நிமிடம் ஆகாது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் மட்டும் கேமராவை விட்டுவிடாதீர்கள்.

ஃபிளாஷ் வேண்டுமா என்றால், கூத்துக்கு வேண்டவே வேண்டாம். முதல் வருடம் மாட்டிக்கொண்டு போனேன். அர்ச்சுனன் கிரீடத்திலும் புஜத்திலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் மொத்த வெளிச்சத்தையும் என் லென்ஸுக்கே திருப்பி அடித்தன. படத்தில் வெள்ளைத் திட்டுகள்தான் மிச்சம். முகவீணைக் குழல் ஓய்ந்த நேரத்தில் கூத்து வாத்தியார் பக்கத்தில் வந்து, "அடிக்காத நைனா, கண்ணு தெரியாம கீது, கால் தடுமாறுது" என்றார். அன்றோடு கழற்றி வைத்துவிட்டேன்.

களத்தில் நான் வைக்கும் கணக்கு இது. மேனுவல் (எல்லா அளவையும் நானே வைப்பது), எஃப் 2, ஷட்டர் 1/100 நொடி. ஏன் 1/100? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் சாதாரண எல்.இ.டி.களில் பல, நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. 1/500 என்று வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் இருட்டாகவும் வரும், சிலவற்றில் குறுக்கே பட்டைகூட விழும். 1/100-ல் சுழன்றாடும் பாவாடை கலங்கலாகத்தான் விழும், விழட்டும். ஆனால் பாட்டு முடிந்து தாளம் இறங்குகிற இடத்தில் ஆடுபவர் ஒரு கணம் நிற்பார். அதற்காகக் காத்திருந்தால் முகம் நறுக்கென்று விழும். பின்னால் ஒரே இருட்டு என்பதால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். தானியங்கி முறையில் எடுப்பவர்கள் ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, வையுங்கள்.

விடியும்போது இன்னொரு கண்டம் உண்டு. படுகளத்துக்கு, அதாவது துரியோதனன் விழும் சடங்குக்கு, மண்ணில் செய்த துரியோதனனைச் சுற்றிக் கூட்டம் கூடும், வெயில் ஏறும், நமக்கோ தூக்கக் கலக்கம். இரவு வைத்த ஐ.எஸ்.ஓ. அப்படியே இருக்கும். நான் ஒரு படுகளம் முழுவதையும் அப்படி வெள்ளைக் காகிதமாக எடுத்து வந்திருக்கிறேன்.

எடுப்பதை ரா கோப்பாகவே, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பாகவே எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ரா கோப்பில் 16,384. பின்னால் திருத்த அந்த இடைவெளிதான் கை கொடுக்கும். மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட முடிந்தால் லைட்ரூம். முடியாவிட்டால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். நான் டார்க்டேபிள். முதல் வாரம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும். மூலக் கோப்பை அது தொடுவதில்லை. செய்த திருத்தங்களைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது.

முதலில் வெள்ளைச் சமநிலை, அதாவது விளக்கின் நிறச் சாயலை நீக்குவது. சொட்டுக் கருவியை வெள்ளை நிறத்தின் மேல் வைத்தால் போதும் என்பார்கள். நானும் மிருதங்கக்காரர் வேட்டி மேல் வைத்தேன், படம் முழுக்க மஞ்சள் பூத்தது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருந்தார்கள்! அதில் இருந்த நீலத்தைத் தள்ளுவதற்காக மென்பொருள் எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றிவிட்டது. இப்போது சாம்பல் நிற அட்டை ஒன்று பையில் கிடக்கிறது. கூத்து தொடங்கும் முன் களத்து விளக்கின் கீழ் அதை ஒரு படம் எடுத்துவிடுவேன்.

அடுத்து சிவப்பு. துரியோதனனின் அரிதாரத்தில் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றினால் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். சிவப்பை மட்டும் கொஞ்சம் இறக்கினால் வரைந்த மீசையும் புள்ளிகளும் திரும்பி வரும். ரவை மாதிரி விழும் இரைச்சலை நீக்குவதையும் பாதியிலேயே நிறுத்துங்கள், முழுக்கத் தள்ளினால் முகம் மெழுகு பொம்மையாகிவிடும்.

லேபில் வேறு ஒரு தொல்லை: "பொண்ணைக் கொஞ்சம் கலர் ஏத்துங்க." ஏற்றினால் ஆரணிப் பட்டின் அரக்கு, செங்கல் நிறமாகிவிடும். அப்புறம் புடவை எடுத்துக் கொடுத்த அத்தை சண்டைக்கு வருவார். மாநிறம் மாநிறமாகவே இருக்கட்டும். முகத்தில் நிழல் விழுந்திருந்தால் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு அரை ஸ்டாப் ஏற்றுங்கள். "பிரிண்ட் கறுத்துப்போச்சு" என்று வருகிறவர்கள் பலர் திரை வெளிச்சத்தை நூற்றுக்கு நூறு வைத்துத் திருத்தியவர்கள். பாதிக்கு இறக்கிவிட்டு உட்காருங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. நிற அளவில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

போன வருடம் சில படங்களை அடித்து அந்த வாத்தியாரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "மூஞ்சி நல்லா வந்துகீது நைனா. சலங்கை எங்க? கால் இல்லாம ஆட்டம் ஏது?" சிறிய சென்சாரில் 50 மி.மீ. போட்டால் 75 மாதிரி நெருக்கிவிடும். கூட்டத்தில் பின்னால் நகரவும் இடம் இருக்காது. எனவே இந்த வருடம், அதைவிட அகலமாகப் பிடிக்கும் 35 மி.மீ. ஒன்று பழையதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், டார்ச்சும் கையுமாக.