பார்ட்டிஷனை மாற்றிய பின் திறக்க மறுக்கும் இரட்டை இயங்குதளக் கணினியை மீட்பது எப்படி

விண்டோஸும் உபுண்டுவும் ஒரே வன்தட்டில் அருகருகே நிறுவப்பட்ட கணினியில், இடம் போதாமல் ஒரு பார்ட்டிஷனை (வன்தட்டில் பிரித்து வைத்த ஒரு பகுதியை) அழித்தோ சுருக்கியோ நகர்த்தியோ விட்டு மறுபடி இயக்கினால், வழக்கமான தேர்வுப் பட்டியல் வராமல் கறுப்புத் திரையில் ஒற்றை வரி மட்டும் வந்து நிற்பதுண்டு. அந்தப் பதற்றத்தில் பலர் இரண்டு இயங்குதளங்களையும் புதிதாக நிறுவிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வேண்டாத வேலை. கோப்புகள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். அவற்றைத் தேடிச் செல்லும் தொடக்க நிரல்கள் தமக்குள் குறித்து வைத்திருந்த முகவரிதான் பழையதாகியிருக்கும். கதவிலக்கம் மாறிய தெருவில் பழைய எண்ணை வைத்து வீடு தேடுவது போன்ற நிலை அது. எந்த இடத்தில் உள்ள முகவரி பழையதானது என்று கண்டறிந்து, அதை மட்டும் திருத்தினால் போதும்.

கட்டளைகள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் அது தனியே சொல்லப்படும்.

கை வைக்கும் முன்

முதலில், நிறுவாமலே உபுண்டுவை இயக்க உதவும் லைவ் யூஎஸ்பி ஒன்றைத் தயார் செய்துகொண்டு, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ என்ற கட்டளையை இடுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனின் பெயர், கோப்பு முறைமை வகை, யூயூஐடி எனப்படும் நீண்ட அடையாள எண் ஆகியவை அதில் தெரியும். உங்கள் லினக்ஸ் இருந்த எக்ஸ்ட்4 பார்ட்டிஷனும் விண்டோஸ் இருந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனும் அந்தப் பட்டியலில் இருந்தால், எஞ்சியிருப்பது தொடக்க நிரலின் சிக்கல் மட்டுமே. பார்ட்டிஷனே காணாமல் போயிருந்தால் கதை வேறு. அப்போது அந்த வன்தட்டில் எதையும் எழுதாமல், ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தொலைந்த பார்ட்டிஷனைத் தேடி மீட்பதுதான் முதல் வேலை. பூட் (கணினித் தொடக்கம்) பற்றிய கவலையெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

லைவ் யூஎஸ்பியை எந்த முறையில் தொடங்கினோம் என்பது இங்கே முக்கியம். மதர்போர்டு இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் முறைகள் இரண்டு: புதிய யூஈஎஃப்ஐ, பழைய பயாஸ். கணினி யூஈஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் யூஎஸ்பியையும் அதே முறையில் தொடங்க வேண்டும்; பழைய பயாஸ் முறையென்றால் அதற்கும் அவ்வாறே. ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ’ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் யூஈஎஃப்ஐ முறையில் இருக்கிறீர்கள். இதைக் கவனிக்காமல் செய்யப்படும் பழுதுபார்ப்பு சில நேரம் பிழைச் செய்தி எதுவும் காட்டாமலே முடிந்து, மறுதொடக்கத்தில் பழைய கறுப்புத் திரையையே கொண்டுவந்து நிறுத்தும்.

விண்டோஸ் பார்ட்டிஷன் அதன் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், தொடர்வதற்கு முன் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி எடுத்துக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க அமைப்பு மாறியதைக் கண்டவுடன் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் கோப்புகள் இருந்தும் இல்லாதவைதான்.

‘க்ரப் ரெஸ்கியூ’ என்று திரை நின்றால்

‘நோ சச் பார்ட்டிஷன்’ அல்லது ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்ற செய்திக்குக் கீழே ‘க்ரப் ரெஸ்கியூ’ என்று வந்து நிற்பது பெரும்பாலும் பயாஸ் முறைக் கணினிகளில்தான். அங்கே, தேர்வுப் பட்டியலைக் காட்டும் தொடக்க நிரலான க்ரப்பின் முதல் துண்டு வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள்ளும், இரண்டாவது துண்டு அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திலும் இருக்கின்றன. மீதி நிரல்கள் எந்த எண்ணுள்ள பார்ட்டிஷனில் உள்ளன என்பது நிறுவும்போதே அந்த இரண்டாவது துண்டில் பதிக்கப்பட்டுவிடுகிறது. எம்பிஆர் எனும் பழைய பார்ட்டிஷன் அட்டவணை கொண்ட வன்தட்டில், நான்கு பிரைமரி இடங்களுக்கு மேல் வேண்டும்போது உருவாக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண்கள் 5-இலிருந்து தொடங்கி வரிசையாகச் செல்பவை. நடுவில் ஒன்றை அழித்தால் அதற்குப் பின்னுள்ளவை ஒவ்வொன்றும் ஓர் எண் கீழே இறங்கிவிடும். விண்டோஸில் இருந்தபடியே 5 என்ற தரவுப் பார்ட்டிஷனை ஒருவர் அழித்தால், 6-இல் இருந்த உபுண்டு 5 ஆகிவிடுகிறது. க்ரப்போ இன்னும் 6-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில் லைவ் யூஎஸ்பி இல்லாமலே உள்ளே நுழைய வழி உண்டு. ரெஸ்கியூ திரைக்கு நான்கைந்து கட்டளைகள்தான் தெரியும். டேப் விசையை அழுத்தினால் பெயர் தானாக நிரம்பவும் செய்யாது. ‘எல்எஸ்’ என்று மட்டும் இட்டால் (எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்1) என்பது போன்ற பட்டியல் வரும். ஒவ்வொன்றாக ‘எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/’ என்று, கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடாமல், இட்டுப் பாருங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்று பதில் வந்தால் அஞ்ச வேண்டாம். என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் நிரல் இன்னும் ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். பூட், ஹோம், ஈடிசி போன்ற கோப்புறைப் பெயர்கள் தெரியும் பார்ட்டிஷனே நாம் தேடுவது. அது கிடைத்ததும் இந்த நான்கு வரிகளையும் வரிசையாக இடுங்கள்:

செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/க்ரப்
செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடக் கூடாது. பூட் கோப்புறைக்கென்று தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கியிருந்தவர்கள், அந்தப் பார்ட்டிஷனின் எண்ணைக் கொடுத்து, முதல் வரியின் பாதையில் பூட் என்பதை விட்டுவிட்டு நேரே க்ரப் என்று எழுத வேண்டும். மூன்றாவது வரிக்கு ‘சிம்பல் நாட் ஃபவுண்ட்’ என்ற பதில் வந்தால், வன்தட்டின் தொடக்கத்தில் உள்ள துண்டும் பார்ட்டிஷனில் உள்ள நிரல்களும் வெவ்வேறு பதிப்பைச் சேர்ந்தவை என்று பொருள். அங்கே மேற்கொண்டு முயல்வதில் பயனில்லை, லைவ் யூஎஸ்பி வழிக்குச் சென்றுவிடலாம்.

பழைய பட்டியல் திரையில் வந்து உபுண்டு திறந்துகொண்டதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணி அணைத்துவிடாதீர்கள். மேலே இட்டவை அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே செல்லும். டெர்மினலைத் திறந்து ‘ஸூடோ க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ’ என்றும், அது முடிந்ததும் ‘ஸூடோ அப்டேட்-க்ரப்’ என்றும் இட்டால்தான் புதிய எண் நிலையாகப் பதியும். எஸ்டிஏ என்பதற்குப் பின் எண் எதுவும் சேர்க்கக் கூடாது. க்ரப் முழு வன்தட்டின் தொடக்கத்தில் பதிய வேண்டுமே தவிர, ஒரு பார்ட்டிஷனுக்குள் அல்ல.

யூஈஎஃப்ஐ கணினியில்

இங்கே ஏற்பாடு வேறு. ஃபேட்32 வடிவிலுள்ள சிறிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் விண்டோஸுக்கு ஒரு கோப்புறையும் உபுண்டுவுக்கு ஒரு கோப்புறையும் இருக்கின்றன. உபுண்டுவின் கோப்புறையில் மூன்றே வரிகள் கொண்ட க்ரப் அமைப்புக் கோப்பு ஒன்று உள்ளது. குறிப்பிட்ட யூயூஐடி கொண்ட பார்ட்டிஷனைத் தேடி, அதிலுள்ள முழுப் பட்டியலைத் திற என்பதுதான் அந்த மூன்று வரிகளின் சாரம். பார்ட்டிஷனின் அளவையோ இடத்தையோ மாற்றினால் யூயூஐடி மாறுவதில்லை என்பதால், வெறுமனே நகர்த்தியதால் மட்டும் லினக்ஸ் பக்கம் இங்கே உடைவது குறைவு. புதிதாக ஃபார்மட் செய்து கோப்புகளைத் திரும்ப இட்டிருந்தால் யூயூஐடி மாறியிருக்கும். அப்போது வெறும் ‘க்ரப்’ என்று திரை நிற்கும். பார்ட்டிஷன்களைக் கையாளும் ஜிபார்ட்டட் மென்பொருளில் ஒரு பார்ட்டிஷனை நகலெடுத்தவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை: மூலத்துக்கும் நகலுக்கும் ஒரே யூயூஐடி இருக்கும், எது திறக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றுக்குப் புதிய யூயூஐடி கொடுக்கும் வசதி அதே ஜிபார்ட்டடில் உள்ளது.

சரிசெய்ய, லைவ் யூஎஸ்பியிலிருந்து நம் லினக்ஸுக்கு உள்ளே சென்று க்ரப்பை மறுபடி நிறுவுவதே நம்பகமான வழி. லினக்ஸ் பார்ட்டிஷன் எஸ்டிஏ5, ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ்டிஏ1 என்று வைத்துக்கொள்வோம்; என்விஎம்ஈ வன்தட்டுகளில் பெயர் வேறாக இருக்கும்.

ஸூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ5 /எம்என்டி
ஸூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐ

இதற்குப் பின் டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கு கோப்புறைகளையும் ‘ஸூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்’ என்ற முறையில் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். பல வழிகாட்டிகள் இங்கே ‘--பைண்ட்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அவ்வாறு செய்தால் சிஸ் கோப்புறைக்குள் தனியே இணைக்கப்பட்டுள்ள யூஈஎஃப்ஐ மாறிகள் உள்ளே வருவதில்லை. ‘ஈஎஃப்ஐ வேரியபிள்ஸ்’ இல்லை என்று கூறி க்ரப் பாதியில் நின்றுவிடும். பிறகு ‘ஸூடோ சிஎச்ரூட் /எம்என்டி’ என்று உள்ளே சென்று, ‘க்ரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-க்ரப்’ இரண்டையும் இட்டு, ‘எக்ஸிட்’ கொடுத்து வெளியே வரலாம். பயாஸ் கணினிக்கும் இதே வழி பொருந்தும். ஈஎஃப்ஐ வரியை விட்டுவிட்டு, க்ரப்-இன்ஸ்டாலுக்குப் பின் வன்தட்டின் பெயரைச் சேர்த்தால் போதும். உபுண்டுவுக்குப் பதில் ஃபெடோரா லினக்ஸ் வைத்திருப்போர் மட்டும் யூஈஎஃப்ஐயில் இக்கட்டளையைத் தவிர்த்து, க்ரப், ஷிம் பொதிகளை டிஎன்எஃப் மூலம் மறுபடி நிறுவுவதே சரி.

எந்தப் பிழையும் இல்லாமல் கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விட்டால், ‘ஸூடோ ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ என்று இட்டு மதர்போர்டு வைத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். உபுண்டு என்ற பதிவு அங்கே இருந்தும் பின்வரிசையில் நின்றால், ‘-ஓ’ என்ற தெரிவோடு எண்களை வேண்டிய வரிசையில் கொடுத்து மாற்றலாம். பதிவே இல்லையென்றால் மேலே சொன்னபடி க்ரப்பை நிறுவும்போது அது தானாக உருவாகும்.

க்ரப் பட்டியலில் விண்டோஸ் மட்டும் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் பார்ட்டிஷன் காரணமல்ல. 2021-இல் வெளிவந்த க்ரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது. ‘/ஈடிசி/டிஃபால்ட்/க்ரப்’ கோப்பில், முழுக்கப் பேரெழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோடிட்டு ‘க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்’ என்றும், தொடர்ந்து சிற்றெழுத்தில் ‘=ஃபால்ஸ்’ என்றும் சேர்த்துவிட்டு அப்டேட்-க்ரப் கொடுத்தால் விண்டோஸ் திரும்பி வரும்.

பட்டியல் வருகிறது, லினக்ஸ் திறக்கவில்லை

உபுண்டுவைத் தேர்ந்தெடுத்த பின் ஒன்றரை நிமிடம் காத்திருக்க வைத்துத் திறந்தால், பெரும்பாலும், நினைவகத்துக்குத் துணையாக இருந்து அழிக்கப்பட்ட ஸ்வாப் பார்ட்டிஷனை அது இன்னும் தேடுகிறது. ‘எமர்ஜென்சி மோட்’ என்று நின்றுவிட்டால், காணாமல் போனது கோப்புகள் கொண்ட வேறொரு பார்ட்டிஷன். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ‘பிஎல்கேஐடி’ காட்டும் எண்களோடு, தொடக்கத்தில் இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் ‘/ஈடிசி/எஃப்எஸ்டேப்’ கோப்பின் ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டு, மாறியவற்றைத் திருத்தி, இல்லாதவற்றின் முன் எண்குறி (#) இட்டு முடக்க வேண்டும். தரவுப் பார்ட்டிஷன்களின் வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்த்தால், அவை இல்லாவிட்டாலும் கணினி திறக்கும். ஸ்வாப்பின் பழைய எண் ‘/ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம்’ கோப்பிலும் ஒளிந்திருக்கலாம். அதையும் மாற்றி ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ கொடுங்கள்.

விண்டோஸ் பக்கம் உடைந்தால்

விண்டோஸ் பார்ட்டிஷனின் தொடக்க இடத்தை நகர்த்தியிருந்தால், நீலத் திரையில் 000000ஈ அல்லது 0000225 என்று முடியும் பிழை எண் வரக்கூடும். விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியிலிருந்து தொடங்கி, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். அதில் ‘டிஸ்க்பார்ட்’ சென்று, ‘லிஸ்ட் வால்யூம்’ காட்டுவதில் ஃபேட்32 வடிவிலுள்ள சிறிய பார்ட்டிஷனின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ‘செலக்ட் வால்யூம்’ என்று அந்த எண்ணைத் தேர்ந்து, ‘அசைன் லெட்டர்=எஸ்’ என்று எழுத்துக் கொடுத்து வெளியே வாருங்கள். பின்னர் ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஈஎஃப்ஐ’ என்ற ஒரே வரி தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதிவிடும். இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம் என்பதால், விண்டோஸ் உண்மையில் சி-யில்தான் இருக்கிறதா என்று ‘டிர் சி:’ கொடுத்துப் பார்த்த பிறகே அதை இட வேண்டும். தவறுதலாக ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையே அழித்தவர்கள், ஜிபார்ட்டடில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அதற்கு ஈஎஸ்பி கொடியிட்டு, முதலில் இந்த விண்டோஸ் வேலையையும் அடுத்து க்ரப் வேலையையும் செய்யலாம். எஃப்எஸ்டேப்பில் அதன் புதிய யூயூஐடியை எழுத மறக்கக் கூடாது.

‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்பதை எல்லாருக்கும் பரிந்துரைக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. யூஈஎஃப்ஐ கணினியில் அது எதையும் தீர்ப்பதில்லை. பயாஸ் கணினியிலோ, வன்தட்டின் தொடக்கத்தில் இருந்த க்ரப்பை அழித்து எழுதிவிடும். விண்டோஸ் மட்டும் போதும் என்று லினக்ஸை நீக்கிவிட்டவர்களுக்கே அது உரியது.

அடுத்த முறை மாற்றம் செய்யும் முன்

‘ஸூடோ எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ’ என்பதன் வெளியீட்டை ஒரு கோப்பாக்கி வேறொரு யூஎஸ்பியில் வைத்துக்கொண்டால், பார்ட்டிஷன் அட்டவணையை மட்டுமாவது பழையபடி எழுதலாம். உள்ளிருக்கும் கோப்புகளுக்கு அது காப்பாகாது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முடக்கி, விண்டோஸை முழுமையாக அணைத்த பிறகே லினக்ஸிலிருந்து அதன் பார்ட்டிஷனைத் தொட வேண்டும். விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலும், லினக்ஸ் பார்ட்டிஷனை லைவ் யூஎஸ்பியிலுள்ள ஜிபார்ட்டடிலும் சுருக்குவது நல்லது. எம்பிஆர் வன்தட்டில் நான்கு பிரைமரி இடங்களும் நிரம்பிய பின் இன்னொன்றை உருவாக்க முயன்றால், வன்தட்டை டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று டிஸ்க் மேனேஜ்மென்ட் கேட்கும். ஆம் என்று அழுத்தினால், மற்ற பார்ட்டிஷனில் உள்ள இயங்குதளம் திறக்காது என்ற எச்சரிக்கையும் அந்தப் பெட்டியிலேயே எழுதியிருக்கும்; அங்கே இல்லை என்பதை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.