ஜெராக்ஸ் மெஷினின் ஃபினிஷரில் தாள்கள் சீராக அடுக்கப்படவில்லையா? காகிதத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்

முப்பது பக்க அறிக்கையை இருபது பிரதிகள் எடுக்கக் கொடுத்துவிட்டு, சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால், ஃபினிஷரின் (அச்சான தாள்களை அடுக்கிப் பின் அடிக்கும் பகுதியின்) டிரேயில் தாள்கள் விசிறியைப் போல விரிந்து கிடக்கின்றன. பின் அடித்த கட்டுகளில் கடைசித் தாள் பின்னில் மாட்டாமல் தனியே கழன்று வருகிறது. அல்லது நாலைந்து கட்டுகள் விழுந்த உடனேயே டிரே நிரம்பிவிட்டதாகத் திரையில் செய்தி காட்டி இயந்திரம் நின்றுவிடுகிறது. இப்படி நேர்ந்தால் ஃபினிஷர் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து சர்வீஸ் இன்ஜினியரை அழைப்பதுதான் அலுவலகங்களில் வழக்கம். ஆனால் தாள் வந்து விழும் இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு, பல நேரங்களில் அது புறப்பட்ட கேசட்டிலேயே, அதாவது வெற்றுத் தாள்களை வைக்கும் தட்டிலேயே தொடங்கியிருக்கும். ஆகவே இந்த விளக்கத்தில் முதலில் காகிதத்தையும், பிறகு இயந்திரத்தில் நாம் கொடுத்த அமைப்புகளையும், அதன் பிறகே ஃபினிஷரையும் பார்க்கப்போகிறோம். திருப்புளி எடுக்க வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை.

ஒரு தாள் எப்படி அடுக்கப்படுகிறது

ஃபியூசரில் (டோனர் என்னும் மைப்பொடியைச் சூட்டால் தாளில் பதிக்கும் பகுதியில்) சூடுபட்டு வெளிவரும் தாள், ரோலர்களின் வழியே ஃபினிஷருக்குள் நுழைகிறது. பின் அடிக்க வேண்டிய வேலையாக இருந்தால், அது உள்ளேயுள்ள சாய்வான ஒரு தளத்தில் விழும். அங்கே ரப்பர் இதழ்கள் கொண்ட துடுப்பு ஒன்று சுழன்று, தாளைப் பின்னோக்கி இழுத்து ஒரு தடுப்பில் முட்டவைக்கும். உடனே இரு பக்கமும் உள்ள ஜாகர் தகடுகள், நாம் தாள்கட்டை மேசையில் தட்டிச் சீராக்குவதைப் போலவே, ஓரங்களைத் தட்டி நேராக்கும். கட்டு நிறைந்ததும் ஸ்டேப்ளர் பின் அடித்து, கட்டு வெளி டிரேக்குத் தள்ளப்படும். அங்கே அடுக்கின் உயரம் கூடக் கூட, ஒரு சென்சார் அதை உணர்ந்து டிரேயைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கும். இழுத்தல், தட்டுதல், இறக்குதல் ஆகிய இந்த மூன்று வேலைகளில் எது தவறினாலும் அதன் தடம் அடுக்கின் வடிவத்தில் தெரிந்துவிடும்.

படி 1: கலைந்த அடுக்கைத் தொடாமல் பாருங்கள்

எரிச்சலில் எல்லாவற்றையும் அள்ளித் தட்டி நேராக்கிவிடாதீர்கள். டிரேயில் இருந்தபடியே மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இடது வலது ஓரங்கள் சீரற்றிருந்தால், ஜாகரையோ இயந்திரத்துக்குச் சொல்லப்பட்ட தாள் அளவையோ சந்தேகிக்கலாம். தாள் வெளிவரும் திசையில் முன்னும் பின்னுமாக இருந்தால், துடுப்பு சரியாக இழுக்கவில்லை, அல்லது தாள் சுருண்டு தடுப்பை எட்டாமல் நின்றுவிட்டது என்று பொருள். கடைசித் தாள் பின்னில் மாட்டாமல் வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுக்கு முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் காகிதத்தின் சுருளலைப் பாருங்கள்.

ஒரு பிரதி இடப்பக்கமும் அடுத்த பிரதி வலப்பக்கமுமாக, ஒரே அளவு இடைவெளியில் விலகி விலகி இருந்தால் அது கோளாறே அல்ல. பிரதிகளைப் பிரித்துக் காட்டுவதற்காக இயந்திரம் வேண்டுமென்றே அப்படி அடுக்குகிறது. ஷிஃப்ட் அல்லது ஆஃப்செட் என்ற பெயரில் உள்ள அந்த அமைப்பை அணைத்துவிட்டால் நின்றுவிடும்.

படி 2: ஃபினிஷரை ஒதுக்கிவிட்டு ஒரு சோதனை

அதே கேசட்டிலிருந்து பத்துத் தாள்களை, வெளியேறும் இடமாக ஃபினிஷரைத் தேர்ந்தெடுக்காமல், இயந்திரத்தின் உள் டிரேயைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். வெளிவந்த தாளில் ஒன்றைச் சமமான மேசைமீது வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். நான்கு மூலைகளும் மேசையோடு படிந்திருந்தால் காகிதத்தில் குறையில்லை. மூலைகள் மேலெழுந்து அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தாலோ, நடுப்பகுதி கூரை போல உயர்ந்து நின்றாலோ, அந்தத் தாளை எந்த ஃபினிஷராலும் ஒழுங்காக அடுக்க முடியாது. எவ்வளவு வளைகிறது என்பதோடு எந்தப் பக்கமாக வளைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: காகிதத்தைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். காகிதத்தில் உள்ள நார்கள் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பல இயந்திரங்களில் 150 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் டோனர் தாளில் பதிக்கப்படுகிறது. ஈரம் ஏறிய தாள் அந்தச் சூட்டில் அகப்படும்போது, ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வேகமாகக் காய்ந்து சுருங்க, தாள் அந்தப் பக்கமாக வளைகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சென்னை போன்ற கடலோர ஊர்களில், முந்தைய வாரம்வரை நன்றாக ஓடிய இயந்திரம் திடீரென்று தாள்களைச் சுருட்டித் தள்ளுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், இரண்டு முறை இன்ஜினியர் வந்துபோன பிறகும் தீராத சிக்கல், சன்னலோரம் உறை பிரித்து வைத்திருந்த ரீம்களை ஒதுக்கிவிட்டுப் புது ரீமைப் போட்டதும் அன்றே தீர்ந்தது.

முதலில் கேசட்டில் உள்ள அடுக்கை அப்படியே தலைகீழாகப் புரட்டி வையுங்கள். மேலே இருந்த பக்கம் கீழே போக வேண்டும். மறுபடி பத்துத் தாள் எடுத்துப் பாருங்கள்; சுருளல் குறைந்திருந்தால் அப்படியே தொடரலாம். ரீம் உறையின் ஓரத்தில் பெரும்பாலும் ஓர் அம்புக்குறி இருக்கும். எந்தப் பக்கத்தில் முதலில் அச்சிட வேண்டும் என்பதை அது காட்டுகிறது. அந்தப் பக்கத்தைக் கேசட்டில் மேல்நோக்கி வைப்பதா, கீழ்நோக்கி வைப்பதா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கேசட்டின் உட்புறம் ஒட்டியுள்ள படத்தைப் பாருங்கள்.

புரட்டியும் குறையவில்லையானால், உறை பிரிக்காத ரீம் ஒன்றை எடுங்கள். அதைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்த உடனே பிரிக்காமல், இயந்திரம் இருக்கும் அறையில் ஒரு நாள் வைத்திருந்து, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு பிரிப்பது நல்லது. ரீமின் உறையே ஈரத்தைத் தடுக்கும்படி செய்யப்பட்டது. பாதி பயன்படுத்திய ரீமை அதே உறையில் மடித்து மூடி, தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் கேசட்டை விளிம்புவரை நிரப்பாமல், அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் போடுங்கள். சில இயந்திரங்களில் கேசட்டுக்கென ஹீட்டர் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா, அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று இன்ஜினியரிடம் கேட்டு வையுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஏசி நாள் முழுவதும் ஓடும் வறண்ட அறையில் நிலைமின்சாரம் சேர்ந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புதிதாக வரும் தாள் கீழே உள்ள தாளையும் சேர்த்து முன்னே தள்ளிவிடும். ரீமைப் போடும்முன் நான்கு ஓரங்களையும் விசிறிப் பிரித்துவிடுங்கள். ஏசிக் காற்று நேரடியாக இயந்திரத்தின்மீது படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: தாள் வகையும் அளவும்

ஃபியூசரின் சூட்டையும் ஓட்டத்தின் வேகத்தையும் தாள் வகையைப் பார்த்துத்தான் இயந்திரம் தீர்மானிக்கிறது. கேசட்டில் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) தாளைப் போட்டுவிட்டு, தடித்த தாள் என்று அமைப்பில் விட்டிருந்தால், தேவைக்கு மேல் சூடாகித் தாள் சுருளும். முன்பு யாரோ சான்றிதழ் அச்சிட மாற்றிய அமைப்பு அப்படியே நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. சரியான வகையைக் கொடுத்தும் சுருளல் இருந்தால், ஒரு படி மெல்லிய வகையைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அப்போது வந்த தாளின் எழுத்துமீது நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறுப்புப் பொடி உதிர்ந்தால் சூடு போதவில்லை. பழைய வகைக்கே திரும்பிவிடுங்கள்.

ஜாகர் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதை இயந்திரம் தாள் அளவைக் கொண்டே கணக்கிடுகிறது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், லீகல் தாளின் அகலம் 216 மில்லிமீட்டர். இந்த 6 மில்லிமீட்டர் வித்தியாசம் ஓரங்கள் கலையப் போதுமானது. கேசட்டின் பக்கத் தடுப்புகள் தாளை இறுக்கிப் பிடிக்காமலும் தளர்வாக விடாமலும் தொட்டு நிற்க வேண்டும். தளர்ந்திருந்தால் தாள் கேசட்டிலிருந்து புறப்படும்போதே கோணலாகப் புறப்படும்.

படி 5: டிரேயும் அதன் சென்சாரும்

லீகல், ஏ3 தாள்களுக்கு டிரேயின் நீட்டிப்பை வெளியே இழுத்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். டிரே கீழிறங்கும் பாதையில் குப்பைக்கூடையோ அட்டைப்பெட்டியோ இருந்தால் அகற்றுங்கள்.

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். ஆயிரம் தாள் என்றால் ஏறக்குறைய 5 கிலோ எடை டிரேயில் இருக்கிறது. ஆனால் பின் அடித்த கட்டுகளில் பிரச்சினை எடையல்ல. ஒவ்வொரு கட்டிலும் அதே மூலையில் பின் இருப்பதால், இருபது முப்பது கட்டுகள் சேர்ந்ததும் அந்த மூலை மட்டும் திட்டுபோல உயர்ந்துவிடும். சென்சார் அந்த உயரத்தைப் பார்த்து டிரே நிரம்பிவிட்டதாக எடுத்துக்கொள்ளும், அல்லது மேலே விழும் கட்டு சரிந்து இறங்கும். ஆகவே பெரிய வேலைகளில் இயந்திரம் கேட்கும்வரை காத்திராமல், நடுவில் நிறுத்தி எடுத்துவிடுங்கள். டிரே நகரும்போது கை வைப்பதும், அதைக் கையால் அழுத்தி இறக்குவதும் கூடாது. உள்ளேயுள்ள பற்சக்கரங்கள் கெட்டுவிடும்.

டிரே முழுவதும் காலியாக இருந்தும் நிரம்பியதாகச் செய்தி வந்தால், தாள் வெளிவரும் வாயின் அருகே உள்ள உயரச் சென்சாரைப் பாருங்கள். சிலவற்றில் அது ஒரு சிறு நெம்புகோல், சிலவற்றில் ஒளிச் சென்சார். கிழிந்த தாள்துண்டோ, ஒட்டுத்தாளோ அதில் சிக்கியிருக்கக்கூடும். டிரே இறங்காமல் மேலேயே நின்றால் வரும் தாள் முந்தைய தாளை முட்டித் தள்ளும். மிகக் கீழே நின்றால் தாள்கள் உயரத்திலிருந்து விழுந்து சிதறும்.

படி 6: சுத்தம் செய்தல்

மின்இணைப்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபினிஷரின் கதவைத் திறந்து, கிழிந்த துண்டுகளைத் தாள் ஓடும் திசையிலேயே இழுத்து எடுங்கள். கைக்கு எட்டும் ரப்பர் துடுப்புகளில் காகிதத்தூள் படிந்து பளபளவென்று வழுக்கலாக இருந்தால், தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். ஸ்பிரிட் சில வகை ரப்பரைக் கடினமாக்கிவிடும் என்பதால் அது வேண்டாம். ஒளிச் சென்சாரை உலர்ந்த மென்தூரிகையால் தட்டினால் போதும். வெளியேறும் வாயில் மெல்லிய கம்பி இழைகள் கொண்ட பிரஷ் ஒன்று தொங்கும். நிலைமின்சாரத்தை இறக்குவது அதுதான். அதை வளைக்காதீர்கள், பிடுங்காதீர்கள்.

படி 7: இன்ஜினியரை எப்போது அழைப்பது

புதுத் தாளில், சரியான அமைப்பில், சுத்தம் செய்த பிறகும் இடவல ஓரங்கள் மட்டும் தொடர்ந்து கலைந்தால் ஜாகரின் நிலையைச் சீர்செய்ய வேண்டியிருக்கும். துடுப்பின் இதழ்கள் தேய்ந்தோ கிழிந்தோ இருந்தால் மாற்ற வேண்டும். இரண்டும் சர்வீஸ் மெனுவிலும் கருவிகளோடும் செய்யும் வேலை. அழைக்கும்போது எந்தக் கேசட், என்ன தாள், எத்தனையாவது கட்டில் கலையத் தொடங்கியது, திரையில் வந்த எண் என்ன என்பதைச் சொல்லுங்கள். கலைந்த ஒரு கட்டையும், மேசைமீது வைத்துப் பார்த்த பத்துத் தாள்களையும் தட்டி நேராக்காமல் அப்படியே ஓர் உறையில் போட்டு, அவர் வந்ததும் கையில் கொடுங்கள்.