கிராமத்துக் கூத்துக் குழுக்களுக்கு வட சென்னையில் இருந்தபடி உதவுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

ஆடி மாதம் வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது பம்பையும் உடுக்கையும் தெருவை நிறைத்துவிடும். சில கோயில்களில் இரவு தெருக்கூத்தும் வைப்பார்கள். ஆட வருபவர்கள் பெரும்பாலும் திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்து, கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள்.

அவர்களுக்குச் சேர வேண்டிய உதவிகளைத் தரும் அலுவலகங்கள் பல சென்னையில்தான் இருக்கின்றன. கலை பண்பாட்டுத் துறை எழும்பூரில். இயல் இசை நாடக மன்றம் ராஜா அண்ணாமலைபுரத்தில். தலைமைச் செயலகம் நமக்குப் பக்கத்திலேயே கோட்டையில். நாம் ஒரு பஸ் பிடித்தால் போய்விடலாம். செஞ்சிப் பக்கத்துக் கூத்து வாத்தியார் (குழுவை நடத்துபவர்) ஒருவர் ஒரு கையெழுத்துக்காக வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. நாம் கொடுக்கக்கூடிய பெரிய உதவி இந்தத் தூரத்தைக் குறைப்பதுதான்.

படி 1: நோட்டுப் புத்தகத்தில் தொடங்குங்கள்

சங்கம், பேனர், லோகோ எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் தெருவுக்கு ஆட வரும் குழுவின் வாத்தியாரிடம் பேசுங்கள். ஆட்டத்துக்கு முன் வேண்டாம், வேஷம் கட்டும் நேரத்தில் அவர் மனம் அதில்தான் இருக்கும். காலையில் டீ குடிக்கும்போது கேளுங்கள். அவர் வழியாக இன்னும் நான்கு குழுக்கள் கிடைக்கும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஊர், எந்தக் கலை, ஆட்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், போன வருடம் எத்தனை இரவு ஆடினார்கள், எந்த மாதங்களில் வேலையே இல்லை, யாரிடமெல்லாம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறது என்று எழுதுங்கள். "கஷ்டமா இருக்கு" என்று அவர்கள் சொன்னால் அதோடு விடாதீர்கள். எப்போது, எந்த ஊரில், எவ்வளவு நஷ்டம் என்று பொறுமையாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் எழுதப்போகும் மனுவுக்கு இந்த நோட்டுதான் உயிர்.

படி 2: ஆளுக்கு ஒரு கோப்பு

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ள கலைஞர்கள் உறுப்பினராகலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு நிதி உதவி உண்டு. உறுப்பினராக இல்லாவிட்டால் இவற்றில் எதையும் கேட்க முடியாது. அதனால் எந்தக் குழுவுக்கு உதவப் போனாலும் முதல் வேலை இந்த அட்டைதான்.

இங்கே ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். எங்களுக்குத் தெரிந்த முகவீணை (கூத்தில் வாசிக்கும் ஊதுகருவி) கலைஞர் ஒருவருக்கு ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயர். குழுவிலோ மூன்றாவது பெயர். ஓர் அலுவலகத்தில் அவருடைய விண்ணப்பம் 8 மாதம் அப்படியே கிடந்தது, காரணத்தை யாரும் சொல்லவில்லை. இனிஷியல் உட்படப் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

வேஷத்தோடு எடுத்த போட்டோ, திருவிழா நோட்டீஸ், கோயில் கமிட்டி கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் சேருங்கள். நோட்டீஸில் "கூத்து நடைபெறும்" என்று மட்டும் போட்டுவிட்டு ஆடுபவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். உங்கள் தெருக் கோயிலிலாவது வாத்தியார் பெயரையும் ஊரையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் அது அவருக்கு ஓர் ஆவணம்.

மாவட்டக் கலை மன்ற விருதுகளையும் விட்டுவிடாதீர்கள். 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி.

படி 3: சங்கம் பதிவு

பல குழுக்களின் சார்பாகப் பேச ஓர் அமைப்பு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பெயர், நோக்கம், பைலா (சங்கத்தின் விதிமுறைகள்), நிர்வாகிகள் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு, வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றை வருடம் தவறாமல் முடித்துவிடுங்கள்.

அந்த 7 பேரும் சென்னைக்காரர்களாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதிக்கு மேல் ஆடுபவர்களாகவும் வாத்தியம் அடிப்பவர்களாகவும் இருக்கட்டும். மேற்கு மாவட்டத்து ஒயிலாட்டக்காரரும் தெற்கே இருந்து ஒரு கரகாட்டக் கலைஞரும் வந்து சேர்ந்தால்தான் அது மாநிலம் முழுவதற்கும் பேசும் சங்கம். நாம் எழுதிக் கொடுக்கலாம், அலுவலகத்துக்கு நடக்கலாம். என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

படி 4: ஒரு மனு, ஒரே கோரிக்கை

எங்கள் முதல் மனுவில் 9 கோரிக்கைகள் எழுதினோம். பென்ஷன், வீடு, கருவி, மேடை என்று எல்லாமே நியாயமானவைதான். "பரிசீலிக்கப்படும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. 9 கோரிக்கைக்கும் சேர்த்து யாரும் பொறுப்பேற்க முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒரே கோரிக்கை என்பதற்கு உதாரணமாக இரவு நேரத் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு 12 மணி வரை, தளர்வு தரலாம். மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்தோ இரவெல்லாம் நடப்பது. பாதியில் மைக்கை நிறுத்தச் சொன்னால் கடைசியில் வரும் வேஷக்காரர்கள் ஆடாமலே ஊர் திரும்ப வேண்டும், பேசிய பணமும் குறையும். "தளர்வு தரும் நாட்களில் பாரத விழா நாட்களையும் சேர்க்க வேண்டும்" என்று மட்டும் ஒரு மனு எழுதுங்கள். எந்தெந்த ஊரில், எந்தத் தேதியில் ஆட்டம் நின்றது என்று உங்கள் நோட்டில் இருந்து எடுத்து இணையுங்கள். மொத்தம் இரண்டு பக்கம் போதும்.

படி 5: எங்கே கொடுப்பது?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நமக்கு அது ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை. அந்தந்த மாவட்டக் குழுக்கள் அதே மனுவைத் தங்கள் ஆட்சியரிடம் கொடுக்கட்டும். மனுக்களை வாங்கும் 'முதல்வரின் முகவரி' துறைக்கும் அனுப்பலாம். எங்கே கொடுத்தாலும் மனு எண் வாங்காமல் வராதீர்கள்.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் (துறை வாரியாக நிதி ஒதுக்கும் விவாதம்) வருவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் பிரதி கொடுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் திட்டங்களைச் சொல்லும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே வெளியாகும். போன வருடத்துக் குறிப்பைப் படித்துவிட்டுப் போனால், ஏற்கெனவே இருக்கும் திட்டத்தைப் புதிதாகக் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டீர்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடித்தால் கூத்துக் குழுக்களுக்கு வேலை இருக்காது. வாத்தியார்கள் ஊரில் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். பங்குனியில் போனால் ஆளைப் பிடிக்கவே முடியாது. நோட்டோடு ஒரு ஸ்டாம்ப் பேடும் நனையாத பிளாஸ்டிக் கவர்களும் எடுத்துக்கொண்டு மழைக்காலத்திலேயே கிளம்புங்கள்.