ஃபீல்ட் காயில் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து ஒரு ஜோடி ஃபீல்ட் காயில் ஸ்பீக்கர்களை வீட்டுக்கு வரவழைத்தார். முதல் வாரமே அவர் முகம் வாடிவிட்டது. பாடகியின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறிக் கிடந்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலிப்பதே தெரியவில்லை. ஸ்பீக்கர்களை நகர்த்திப் பார்த்தார், கேபிளை மாற்றினார், கடைசியில் ஆம்பிளிஃபையரையே மாற்றினார். ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. இடது ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் போகும் இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தன.

சாதாரண ஸ்பீக்கரில் இருப்பது நிலைக்காந்தம். ஃபீல்ட் காயில் ஸ்பீக்கரில் அதற்குப் பதிலாக இரும்பைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் நேர்மின்சாரம் ஓடினால்தான் காந்தப்புலம் பிறக்கும். மின்சாரத்தின் திசையை மாற்றினால் வடதுருவம் தென்துருவமாகும். ஒலி எழுப்பும் கூம்பு முன்னே வர வேண்டிய நேரத்தில் பின்னே போகும். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி மாறியிருந்தால் பெரிய பாதகம் இல்லை. ஒன்றில் மட்டும் மாறினால் ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆம்பிளிஃபையர் வயரில் கூட்டல் கழித்தல் பார்க்கும் நாம், காந்தத்துக்கும் அது உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, கூம்பை அசைக்கும் சிறு சுருளான வாய்ஸ் காயிலில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைச் சட்டென்று தொட்டு எடுங்கள். இரண்டு கூம்புகளும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஹார்ன் எனும் ஊதுகுழலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டிரைவரில், அதாவது ஒலி எழுப்பும் பாகத்தில், அசைவு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே ஒலி தரும் மோனோ பதிவு ஒன்றைப் போட்டுக் காதால்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்த அமைப்பு புதிதல்ல. 1915-இல் கலிஃபோர்னியாவின் நாப்பாவில் ஜென்சன், பிரிதம் என்ற இரு பொறியாளர்கள் செய்த ஸ்பீக்கரில் இருந்தது மின்காந்தம்தான். பேசும்படம் வந்தபோது அரங்குகளில் ஒலித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 555 டிரைவரும் அதே வகை. அன்று வலுவான நிலைக்காந்தம் கிடைக்கவில்லை. அல்நிகோ உலோகக் கலவை வளர்ந்து 1940-களில் தேவையான வலுவைத் தந்ததும் மின்காந்தம் ஒதுங்கியது. இன்று அதைத் தேடி வாங்குகிறவர்கள், காந்தத்தைத் தாங்களே உண்டாக்கும் பொறுப்பையும் சேர்த்து வாங்குகிறார்கள். காந்தத்துக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை இங்கே துணைக்கருவி அல்ல. அது ஸ்பீக்கரில் பாதி. என்னைக் கேட்டால், மலிவான சப்ளையோடு உயர்ந்த டிரைவர் வாங்குவதைவிட நல்ல நிலைக்காந்த டிரைவரே மேல்.

சப்ளை சரியில்லாவிட்டால் முதலில் கேட்பது ‘ம்ம்’ என்ற ஹம் இரைச்சல். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆம்பிளிஃபையர் வயரைக் கழற்றுவார்கள், ஹம் நின்றுவிடும், பழி ஆம்பிளிஃபையர் மேல் விழும். உண்மை வேறாக இருக்கலாம். காந்தப்புலம் நடுங்கினால் அது வாய்ஸ் காயிலில் மின்னழுத்தத்தைத் தூண்டும். சுற்று மூடியிருந்தால்தான் மின்சாரம் ஓடிக் கூம்பு அசையும். வயரைக் கழற்றியதும் சுற்று அறுந்துவிடுகிறது, அவ்வளவுதான். கழற்றிய பிறகு ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். ஹம் திரும்பினால் குற்றவாளி காந்தத்தின் சப்ளை. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பழைய டங்கர் பல்பு ரெக்டிஃபையரின் ஒளியில் மயங்குகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். பல்பு எவ்வளவு அழகாக எரிந்தாலும் அதன் பின்னால் மின்சாரத்தின் நடுக்கத்தை வடிகட்டப் போதிய ஃபில்டர் வேண்டும்.

அடுத்த தவறு அவசரம். 555-க்கு 7 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் தேவை, அதாவது சுமார் 10 வாட். அந்த மின்சாரம் சுருளைச் சூடாக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் செம்பின் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். 40 டிகிரி ஏறினால் 16 சதவீதம். சப்ளை அதே 7 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மின்னோட்டம் 1.3 ஆம்பியராக இறங்கிவிடும், புலமும் தளரும். சுவிட்ச் போட்டவுடன் கேட்ட ஸ்பீக்கரும் ஒரு மணி நேரம் கழித்துக் கேட்கும் ஸ்பீக்கரும் ஒன்றல்ல. நன்றாகச் சூடேறிய பிறகே ஒப்பிடுங்கள், சரிசெய்யுங்கள். மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் சப்ளை இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். எப்படியானாலும் வோல்ட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இரண்டு பக்கமும் ஆம்பியரை அளந்து சமப்படுத்துங்கள்.

புலத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதே இந்த ஸ்பீக்கரின் பெரிய வசதி. பிரான்சின் ஃபோக்கல் நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த கிராண்ட் யுட்டோப்பியா இஎம் ஸ்பீக்கரில் பாஸ் டிரைவருக்கு மட்டும் மின்காந்தம் வைத்ததும் அறைக்கேற்பப் பாஸைச் சீராக்கத்தான். ஆனால் பலர் இந்தக் குமிழை ஒரே திசையில் திருகுகிறார்கள். புலம் கூடினால் ஸ்பீக்கர் சற்று உரக்கக் கேட்கும், உரக்கக் கேட்பது காதுக்கு இனிக்கும், ‘ஆகா, தெளிவு கூடிவிட்டது’ என்று தோன்றும். ஒலி அளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். கூம்பை இறுகப் பிடிக்கும் புலம் பாஸை ஒல்லியாக்கியிருப்பது அப்போது தெரியும். பெட்டி இல்லாமல் திறந்த பலகையில் பொருத்திய டிரைவருக்குப் புலத்தைச் சற்றுக் குறைத்தால் பாஸ் நிறைவாக வருவதும் உண்டு. அளவு மீறிக் குறைத்தால் தளர்ந்து தொளதொளக்கும். மேல்நோக்கியும் எல்லை இருக்கிறது. இரும்பு தாங்கும் காந்தப்புலம் நிறைந்த பிறகு கூட்டும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகிறது. மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடும். பழைய சுருளின் மின்காப்பு அதைத் தாங்காது.

காந்தத்துக்கு சுவிட்ச் போட மறந்து பாட்டைப் போடுவதும் நடக்கிறது. இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால் மெல்லிய முணுமுணுப்பு கேட்கும், கை தானாக வால்யூமைக் கூட்டும். பிறகு நினைவு வந்து காந்தத்தின் சுவிட்சைத் தட்டினால் ஒலி எழுப்பும் சவ்வான டயஃப்ரம் கிழியும் அளவுக்கு ஒலி பாயும். காந்தம் முதலில், ஆம்பிளிஃபையர் பிறகு, அணைக்கும்போது தலைகீழ்.

மின்சாரம் ஓடும்போது காந்தத்தின் பிளக்கை மட்டும் ஒருபோதும் பிடுங்காதீர்கள். சுருளில் தேங்கிய ஆற்றல் ஒரே நொடியில் வெளியேறத் துடிக்கும். தீப்பொறி பறக்கும், மின்னழுத்தம் பல மடங்கு எகிறிக் காப்பைத் துளைக்கும். சுருளுக்குக் குறுக்கே மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டயோடு ஒன்று சரியான திசையில் இருக்கிறதா என்று சப்ளை செய்தவரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பழைய வால்வு ரேடியோக்களிலிருந்து கழற்றிய ஃபீல்ட் காயில் ஸ்பீக்கர்கள் மலிவாகக் கிடைக்கும். ஆர்வத்தில் வாங்கத் தோன்றும். அவற்றின் சுருள் பெரும்பாலும் ஆயிரம் ஓமுக்கு மேல். ரேடியோவின் பவர் சப்ளையில் மின்சாரத்தின் நடுக்கத்தைத் தணிக்கும் சோக்காகவும் அதுவே வேலை செய்தது. அதை இயக்க நூறு வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும். அந்த நேர்மின்சாரம் உயிரை வாங்கக்கூடியது. முதலில் ஓம் அளவு, பிறகு சுருளுக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்ற சோதனை, அதன் பிறகு சட்டத்துக்கு எர்த். இவை முடியும்வரை அந்த ஸ்பீக்கருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.